ஜி, கிரீடம், ஆர்: ஒரு ஷெஃபீல்டு மடக்குக் கத்தியின் வயதும் விலையும்

நீலகிரியில் பழைய தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்த மடக்குக் கத்தி இது. கூடவே ஒரு வரித் துண்டுச் சீட்டு: ‘நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்தது, 200 வருஷம் பழையது.’ சீட்டை எழுதியவர் சும்மா எழுதவில்லை. பெரிய அலகின் அடியில் ‘ஜி’, நடுவே ஒரு கிரீடம், அடுத்து ‘ஆர்’ என்று முத்திரை தெளிவாக இருக்கிறது. ‘ஜார்ஜ் ரெக்ஸ்’ (லத்தீனில் ‘மன்னர் ஜார்ஜ்’) என்பதன் சுருக்கம் அது. கத்தியைச் செய்தது இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம். அது 1822இல் நான்காம் ஜார்ஜிடமிருந்துதான் அரச ஆணை, அதாவது அரண்மனைக்குக் கத்தி வழங்குபவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பெற்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1820கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு சுமார் நூறு ஆண்டு தவறு. தவறு எங்கே இருக்கிறது என்பதை அதே கத்தியின் இன்னொரு பாகமே காட்டிக்கொடுக்கிறது.

கத்தியின் அமைப்பு

மடக்கிய நிலையில் நீளம் 95 மி.மீ., அதாவது ஷெஃபீல்டுக் கணக்கில் மூன்றே முக்கால் அங்குலம். எடை 150 கிராமுக்குச் சற்று மேல். சட்டைப்பையில் வைக்கும் கத்தியில்லை. குதிரைச் சவாரிக்கும் வேட்டைக்கும் போகிறவர் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வதற்கென்று செய்தது. ஆங்கிலச் சேகரிப்பாளர்கள் இந்த வகையைக் குதிரைவீரர் கத்தி என்றோ விளையாட்டு வேட்டைக்காரர் கத்தி என்றோ சொல்வார்கள்.

அதில் இருப்பவை: ஈட்டி முனை கொண்ட பெரிய அலகு, சின்ன அலகு, ரம்பம், கார்க் திருகி, திருகுத் துறப்பணம், தோல் துளைக்கும் குத்தூசி, குதிரைக் குளம்பில் மாட்டிய கல்லை நெம்பும் கொக்கி. கொக்கி பிடியின் முதுகை வளைத்துத் தழுவியபடி படுத்திருக்கும். எட்டாவதாக ஒரு தட்டையான மடக்கு நாக்கு. அதன் விளிம்பில் பிறை வடிவில் இரண்டு வெட்டு, பக்கத்தில் 12 என்றும் 16 என்றும் எண்கள். பிடியின் இரு பக்கத் தகட்டிலும் ஒவ்வொரு குழி. ஒன்றில் பல்குச்சி இருக்கிறது. சாமணம் இருக்க வேண்டிய மற்றொன்று காலி.

பிடிக்கு இரு பக்கமும் கொம்புத் தகடு. இரு முனையிலும் ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு–நிக்கல்–துத்தநாகக் கலவை) குமிழ்கள். அலகுகளைப் பிரிக்கும் உள்தகடுகள் பித்தளை. காந்தத்தைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திப் பார்த்தாலே எங்கே இரும்பு, எங்கே கலப்பு உலோகம் என்று தெரிந்துவிடும். எதையும் சுரண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பக்கக் கொம்பின் நடுவில் கேடய வடிவில் சின்ன உலோகத் தகடு. அதில் இரண்டு முதலெழுத்துகளும் 1923 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சீட்டை எழுதியவர் இதையும் பார்த்திருப்பார். பின்னால் யாரோ பரிசு கொடுக்கும்போது வெட்டியது என்று ஒதுக்கியிருக்கக்கூடும். அது நியாயமான சந்தேகம்தான். கீழே அதற்கு வருவோம்.

முத்திரைகளைப் படிப்பது

முத்திரை அலகின் வெட்டும் பகுதியில் இருக்காது. அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், நகக்குழிக்கு (அலகைத் திறக்க நகத்தை மாட்டும் பள்ளம்) கீழே இருக்கும் சதுரத் துண்டில் இருக்கும். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் பாதி எழுத்து தெரியாது. விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் பள்ளங்கள் நிழல் கட்டும். அப்போதும் மங்கலாக இருந்தால் துளி டால்கம் பவுடரை விரலால் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டுப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்கலாம். சுண்ணாம்பும் உப்புக் காகிதமும் கூடாது. தேய்ந்த முத்திரையை ‘தெளிவாக்க’ உரசிவிட்டால் கத்தி தன் அடையாளச் சீட்டையே இழந்துவிடும்.

இந்தக் கத்தியில் படித்தது இவ்வளவு. முன்பக்கம் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், கீழே ‘கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி’. பின்பக்கம் நம்பர் 6, நார்ஃபோக் தெரு, ஷெஃபீல்டு. கூடவே ஆறுமுனை நட்சத்திரமும் மால்டா சிலுவையும். ஜி, கிரீடம், ஆர். சின்ன அலகிலும் அதே நட்சத்திரமும் சிலுவையும், சுருக்கமாகப் பெயரும்.

நட்சத்திரமும் சிலுவையும் 1764இல் ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர் சங்கமான கட்லர்ஸ் கம்பெனியில் பதிவான குறி. 1624இல் தோன்றிய அந்தச் சங்கம்தான் அந்த ஊரில் யார் எந்தக் குறியை அடிக்கலாம் என்று தீர்மானித்தது. ராட்ஜர்ஸ் பெயருக்கு மதிப்பு ஏறியதும் போலிகளும் பெருகின. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு 75 அலகு கொண்ட ‘நார்ஃபோக் கத்தி’யைச் செய்து வைத்த நிறுவனம் அது, அந்தக் கத்தி இன்றும் ஷெஃபீல்டின் கட்லர்ஸ் மண்டபத்தில் இருக்கிறது. அவ்வளவு பேர் பெற்ற பெயரை ஓர் எழுத்தைக் குறைத்து அடித்து விற்றவர்கள் உண்டு. ஆகையால் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துக்கூட்டல்: ராட்ஜர்ஸ் என்ற ஆங்கிலப் பெயரில் ‘ஓ’வுக்கும் ‘ஜி’க்கும் நடுவே ‘டி’ இருக்க வேண்டும். இந்தக் கத்தியில் இருக்கிறது. நட்சத்திரத்தின் முனைகள் கூர்மையாக, ஒரே ஆழத்தில் இருக்கின்றன. அச்சு ஒரே அடியில் விழுந்திருக்கிறது. அமிலத்தில் அரித்தோ லேசரால் பொறித்தோ செய்த முத்திரையின் பள்ளத்தில் அடித்தளம் சொரசொரப்பாகவும் விளிம்பு தட்டையாகவும் இருக்கும். உளி அச்சால் அடித்ததில் உலோகம் ஓரத்தில் லேசாகப் பிதுங்கி நிற்கும். இங்கே பிதுக்கம் தெரிகிறது, அதன் மேல் தேய்மானமும் தெரிகிறது. போலி இல்லை.

காலத்துக்கு வருவோம். ‘ஹிஸ் மெஜஸ்டி’ என்பதால் ஆட்சியில் இருந்தது ஆண். 1837 முதல் 1901 வரை விக்டோரியா. அந்த 64 ஆண்டுகளில் ‘ஹெர் மெஜஸ்டி’ என்றுதான் அடித்திருப்பார்கள். ஆகவே கத்தி ஒன்று 1837க்கு முன்னால், இல்லையென்றால் 1901க்குப் பின்னால். ‘ஜி’யும் ‘ஆர்’உம் சேர்ந்தால் வில்லியமும் எட்வர்டும் விலகிவிடுகிறார்கள். மிச்சம் மூன்று பேர்: நான்காம் ஜார்ஜ் (1820–1830), ஐந்தாம் ஜார்ஜ் (1910–1936), ஆறாம் ஜார்ஜ் (1936–1952). முத்திரை நம்மை இதுவரைதான் கொண்டுவரும். இதற்கு மேல் முத்திரையை மட்டும் நம்பினால் குருட்டாம்போக்காகிவிடும்.

பலர் இங்கே இன்னொரு விதியைக் கொண்டுவருவார்கள்: ‘இங்கிலாந்து என்று நாட்டுப் பெயர் இல்லையா? அப்படியென்றால் 1891க்கு முந்தியது.’ அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. அதனால் அந்தப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று சொல்லலாம். தலைகீழாகச் சொல்ல முடியாது. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறிய கத்திக்கு அமெரிக்கச் சுங்கம் எதற்கு? இந்தக் கத்தியில் நாட்டின் பெயர் இல்லை. அதை 1820களுக்குச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டால் முதல் தவறின் மேல் இரண்டாவது தவறும் ஏறிவிடும். துருப்பிடிக்காத எஃகு விஷயமும் இப்படியே. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அதை 1913இல்தான் உருக்கினார். எனவே ‘ஸ்டெயின்லெஸ்’ என்று அடித்த அலகு அதற்குப் பிந்தியது. ஆனால் கார்பன் எஃகு அலகு அதற்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல கத்திக்காரர்கள் கார்பன் எஃகைப் பல காலம் விடவில்லை. ஒன்று இருப்பதை வைத்து ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்று சொல்லலாம். இல்லாததை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பிறை வெட்டுகள்

12, 16 என்று எண்ணிட்ட அந்த நாக்குதான் வழக்கை முடிக்கிறது. அது சுட்ட தோட்டாவைத் துப்பாக்கிக் குழலின் பின்வாயிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி. காகித உறை போட்ட தோட்டா மழைக்கால ஈரத்தில் ஊதிப் பருத்து அறைக்குள் இறுகிக்கொள்ளும். அடிவிளிம்பின் கீழே பிறையைக் கொடுத்து நெம்பினால் வெளியே வரும். எண்கள் துப்பாக்கியின் ‘போர்’ (bore) அளவு, அதாவது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்.

வெட்டு அலங்காரத்துக்கா, உண்மையாகவே வேலைக்கா என்று அளந்து பார்க்க வேண்டும். பிறையின் ஆரம் ஒன்று 10.4 மி.மீ., மற்றது 9.5 மி.மீ.; விட்டமாக்கினால் 20.8, 19.0. பன்னிரண்டு போர் தோட்டாவின் உடல், விளிம்பை ஒட்டிய இடத்தில், ஏறத்தாழ 20.6 மி.மீ.; பதினாறு போர் 18.9. சரியாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் இந்தக் கத்தியைச் செய்தவருக்கு அடிவிளிம்பு கொண்ட, பின்வாய் வழியாகப் போடும் தோட்டாவின் அளவு தெரிந்திருந்தது.

நான்காம் ஜார்ஜ் 1830இல் இறந்தார். அவர் காலத்து வேட்டைத் துப்பாக்கி, குழல்வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுக் கோலால் இடித்துச் சுடுவது. அதில் இழுத்தெடுக்க ஒன்றும் இல்லை. பிரான்சில் லெஃபோஷோ என்ற துப்பாக்கித் தொழிலாளர், பக்கவாட்டில் ஊசி நீட்டிய பின்வாய்த் தோட்டாவைக் காப்புரிமை செய்தது 1835இல். நடுவில் அடிபடும், விளிம்புள்ள தோட்டா இங்கிலாந்தில் பரவியது 1861இல் லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜார்ஜ் டா அதைக் கொண்டுவந்த பிறகு. எனவே 1820களில் ‘12’ என்று எண்ணிட்ட இழுப்பான் இருக்க வழியே இல்லை. முத்திரை மூன்று ஜார்ஜுகளுக்குப் பொருந்தியது. பிறை வெட்டு அவர்களில் முதலாமவரை வெளியே அனுப்பிவிட்டது.

ஒரே ஓர் எதிர்வாதம் மிச்சம்: பழைய கத்தியில் பின்னால் யாராவது அந்த நாக்கைச் சேர்த்திருக்கலாமே? மடக்குக் கத்தியில் அது எளிதில்லை. செய்திருந்தால் தடயம் நிற்கும். நாக்கும் ரம்பமும் ஒரே வில்லில் (அலகை அழுத்திப் பிடிக்கும் முதுகுப் பக்க எஃகுப் பட்டை) இரு முனையில் அழுந்துகின்றன. ஒன்றை மாற்றினால் வில்லையும் மாற்ற வேண்டும், குமிழின் ஆணியை உடைத்து எடுக்க வேண்டும். குமிழில் ஆணித் தலை தனியாகத் தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள். ஷெஃபீல்டில் ஆணியும் குமிழும் ஒரே உலோகம். அடித்து, அரத்தால் மட்டமாக்கி மெருகிட்டால் ஆணி இருக்குமிடமே தெரியாது. பிரித்துச் சேர்த்த கத்தியில் அங்கே வட்டக் கோடு தெரியும், இல்லையென்றால் சுற்றிலும் சுத்தியல் தழும்பு இருக்கும், அல்லது ஆணி மட்டும் புதிதாகப் பளிச்சிடும். இதில் ஒன்றும் இல்லை. நாக்கின் சாம்பல் நிறமும் மற்ற பாகங்களின் சாம்பல் நிறமும் ஒன்றாக இருக்கின்றன. ஆக, பிறந்தபோதே இருந்த உறுப்பு.

(இதே வகையில் உதவும் இன்னொரு அடையாளத்தையும் சொல்லிவிட வேண்டும். சோடா பாட்டிலின் தகர மூடி 1892இல் காப்புரிமை பெற்றது. அதைத் திறக்கும் பல் எந்தக் கத்தியில் இருந்தாலும் அது அதற்குப் பிந்தியது.)

1923 என்று செதுக்கியது எப்போது?

செதுக்கல் என்பது யாரும் எப்போதும் செய்யக்கூடியது. ஆண்டைச் செதுக்கி விலையை ஏற்றுவது இந்தச் சந்தையின் பழைய வியாதி. அதனால் எழுத்தைவிட எழுத்தின் ஓரத்தைத்தான் படிக்க வேண்டும்.

கேடயத் தகடு முழுக்கப் பையில் உரசிய மெல்லிய கீறல்கள். முப்பது மடங்கில் பார்த்தால் ஒவ்வொரு கீறலும் எழுத்தின் பள்ளத்தைச் சந்திக்கும் இடம் தெரியும். கீறல் முதலில் வந்து எழுத்து பிறகு வந்திருந்தால், உளி கீறலைத் துண்டாக வெட்டிக்கொண்டு போயிருக்கும். பள்ளத்தின் விளிம்பு கூராக இருக்கும். எழுத்து முதலில் வந்திருந்தால் கீறல் பள்ளத்தின் ஓரத்தில் சரிந்து இறங்கும். விளிம்பு வட்டமாக மழுங்கியிருக்கும். இங்கே பெரும்பாலான கீறல்கள் சரிந்து இறங்குகின்றன. எழுத்தின் அடியில் அழுக்கும் பழைய மெருகுப் பசையும் இறுகியிருக்கின்றன. உளி கையால் தள்ளியது. கோட்டின் அகலம் தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, முடிவில் மெலிகிறது. தகடு தேயத் தொடங்குமுன் செதுக்கியது என்றுதான் இதற்குப் பொருள்.

முடிவு: ஐந்தாம் ஜார்ஜ் 1910இல் அரியணை ஏறியதற்கும் 1923க்கும் இடையில் செய்த கத்தி. இதைவிடக் குறுக்க, ஆண்டு போட்ட விற்பனைச் சீட்டோ அந்தக் காலத்து விலைப்பட்டியலோ கூட இருந்திருக்க வேண்டும். அவை இல்லை. முதலெழுத்துகளை வைத்து இன்ன துரைக்குச் சொந்தம் என்று கதை கட்டுவதும் வேண்டாம். காகிதச் சான்று இல்லாத உரிமையாளர் கதைக்கு எந்த நல்ல ஏலக்காரரும் காசு தரமாட்டார்.

பிடியின் கொம்பு

இதை இரண்டு காரணத்துக்காக நிதானமாகப் பார்க்க வேண்டும்: ஒன்று விலை, மற்றது சட்டம். பிடி செதுக்கிய மாட்டெலும்பாக இருந்தால் ஒரு கதை, மான் கொம்பாக இருந்தால் வேறு கதை.

எலும்புப் பிடியில் மேடுபள்ளம் கருவியால் வெட்டியது. ஒரே மாதிரி வெட்டு திரும்பத் திரும்ப வரும். வெட்டின் அடியில் ஊசி முனை போன்ற கரும்புள்ளிகள் தெரியும், அவை எலும்பின் இரத்தக் குழாய்த் துளைகள். மான் கொம்பின் வரி இயற்கையானது. நீளவாக்கில் ஓடும், கிளைக்கும், எங்கும் ஒன்று போல இருக்காது. மேட்டில் வெளுத்து, பள்ளத்தில் பழுப்பாக நிற்கும். தகட்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் வெளியே கெட்டியான அடுக்கு, உட்பக்கம் கொஞ்சம் கடற்பஞ்சு போன்ற துளைகள். எருமைக் கொம்பு இரண்டிலும் சேராது. அது நகத்தைப் போல அடுக்கடுக்காக உரியும். சூடான ஊசியால் குத்தி மணம் பார்ப்பது பழைய சோதனை. அதைச் செய்யவே கூடாது. பழைய செல்லுலாய்டு பிடி குபீரெனத் தீப்பற்றும்; மற்றவற்றில் ஆறாத தழும்பு விழும். செல்லுலாய்டைக் கண்டுபிடிக்க விரலால் வேகமாகத் தேய்த்தாலே போதும், கற்பூர வாடை வரும்.

இது கடமான் கொம்பு. ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் விரும்பியதும் அதையே. மற்ற மான்களின் கொம்பைவிட அதில் கெட்டிப் பகுதி தடிமன், பஞ்சுப் பகுதி குறைவு. மெல்லிய தகடாக அறுத்தாலும் நொறுங்காது. இந்தியக் காடுகளில் கடமான் உதிர்த்த கொம்பு மூட்டை மூட்டையாக அந்த ஊருக்குப் போனது. நீலகிரிக் குளிரில் திரும்ப வந்து சேர்ந்த இந்தப் பிடியின் கொம்பு, முதலில் கப்பலேறியதும் இந்த நாட்டுக் கரையிலிருந்தே என்று எண்ண இடமுண்டு.

நிலை: எங்கே காசு குறைகிறது

பல உறுப்புக் கத்தியில் மதிப்பு உறுப்புக்கு உறுப்பு மாறும். எல்லாவற்றிலும் முக்கியம் பெரிய அலகு. சாணை பிடித்துச் சாணை பிடித்து எவ்வளவு போயிருக்கிறது என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம். வெட்டு விளிம்பு தொடங்கும் இடத்தில் முத்திரைத் துண்டுக்கும் அலகுக்கும் நடுவே படி விழுந்திருக்கிறதா? மடக்கும்போது அலகின் முனை உள்தகட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறதா? அலகு மெலிந்தால் முனை எழும். இந்தக் கத்தியில் படி அரை மி.மீ.கூட இல்லை, முனை உள்ளே படுத்திருக்கிறது. நகக்குழிக்கு மேலே பழைய கண்ணாடி மெருகு கொஞ்சம் பிழைத்திருக்கிறது. ராட்ஜர்ஸின் பெருமை அந்த மெருகுதான். நடுவில் மூன்று இடத்தில் கருப்புக் குழிவுகள், ஒன்று ஆழம்.

சின்ன அலகு கதை வேறு. பென்சில் சீவியே பாதி அகலம் தேய்ந்துவிட்டது. கார்க் திருகியின் முனை 3 மி.மீ. அளவுக்கு முறிந்திருக்கிறது, திருகிகளில் பாதிக்கு இதுதான் கதி, முனையால் தகர டப்பாவைக் குத்துவார்கள். துறப்பணம் நலம். ரம்பத்தின் பல் புதிதுபோல இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்தவே இல்லை. கொக்கியும் நாக்கும் நலம். சாமணம் இல்லை.

வில்லின் சோதனை இப்படி: அலகை முழுக்கத் திறந்ததும் அலகின் முதுகும் வில்லின் முதுகும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், மடக்கியதும் அப்படியே. திறந்த அலகைப் பக்கவாட்டில் விரலால் தள்ளினால் ஆடக்கூடாது. மடக்கும்போது ‘டப்’ என்று விட்டுவிடாதீர்கள். விளிம்பு வில்லில் மோதிச் சிலாம்பு பெயரும், நல்ல கத்தியைக் கெடுக்க இதைவிட எளிய வழியில்லை. இந்தக் கத்தியில் பெரிய அலகு, ரம்பம், கொக்கி மூன்றும் உறுதி. சின்ன அலகு லேசாக ஆடுகிறது. கொம்பில் பல்குச்சிக் குழியருகே முடி அளவு விரிசல், ஆணி வரை போகிறது. புற ஊதா விளக்கில் விரிசலில் பசை ஒளிரவில்லை. ஒட்டுவேலை இல்லை என்று தெரிகிறது.

இங்கே மதிப்பீட்டாளருக்குச் சபலம் வரும் இடம் ஒன்று: ‘திருகிக்கு முனை செதுக்கி, சாமணம் ஒன்று வாங்கிச் செருகினால் முழுசாகிவிடுமே?’ செருகிய சாமணத்தை அறிந்தவர் உடனே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததும் மற்ற எல்லா உறுப்பையும் சந்தேகிப்பார். காலிக் குழியோடு விற்பதுதான் அதிக விலை தரும்.

விலைக் கணக்கு

முதல் விதி: கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். கடைக்காரர் ஒட்டிய சீட்டு அவருடைய ஆசை. ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகைதான் சந்தை. ஒப்பிடும்போது அதே நிறுவனம், அதே வகை, ஏறக்குறைய அதே எண்ணிக்கை உறுப்பு, அதே பிடி என்று நான்கும் பொருந்துகிற குறைந்தது ஐந்து விற்பனையாவது வேண்டும். தந்தப்பிடிக் கத்தியின் விலையையோ சிப்பிப்பிடிக் கத்தியின் விலையையோ கொண்டுவந்து ஒப்பிடுவது வீண்.

இரண்டாவது: சுத்தியல் விலைக்கும் கைக்கு வரும் பணத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. உதாரணக் கணக்கு: சுத்தியல் 200 பவுண்டில் விழுகிறது, வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்றால் அவர் 250 கொடுப்பார். விற்பவரிடம் 15 சதவீதம் பிடித்தால் அவர் கையில் 170. ஒரே கத்திக்கு மூன்று ‘விலை’. எந்த விலையைச் சொல்கிறோம் என்பதை மதிப்பீட்டில் எழுதாவிட்டால் அது பயனற்ற காகிதம்.

இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தால் இந்தக் கத்தியின் சுத்தியல் விலை 120 முதல் 180 பவுண்டு என்பது எங்கள் கணிப்பு. சாமணம் இருந்து, திருகி முறியாமல், சின்ன அலகு முழுதாக இருந்திருந்தால் அது இரட்டிப்பைத் தொடும். குறைத்த வரிசை: சின்ன அலகின் தேய்மானத்துக்குத்தான் பெரிய வெட்டு, அடுத்து திருகி, அடுத்து குழிவுகள், சாமணமும் விரிசலும் கடைசி. 1923 செதுக்கல் விலையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்பின் தெரியாதவரின் முதலெழுத்தைச் சிலர் குறையாகப் பார்ப்பார்கள். ஆண்டை உறுதிசெய்வதால் அது இங்கே சமன்செய்கிறது. நான்காம் ஜார்ஜ் காலத்தது என்ற விளக்கத்தோடு ஏலத்துக்குப் போயிருந்தால் தொகை முதலில் மேலே போயிருக்கும். பிறை வெட்டைக் கவனித்த முதல் ஆள் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

இந்தியாவில் இருக்கும் கத்தி

மேலே சொன்ன பவுண்டுக் கணக்கு இந்தக் கத்திக்கு நேராகப் பொருந்தாது, ஏனென்றால் கத்தி இந்தியாவில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகலாம். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. செதுக்கல் உண்மையென்று நாம் நிறுவிய அந்த 1923தான் இங்கே கட்டிப்போடுகிறது: நூறு ஆண்டு 2023இலேயே முடிந்துவிட்டது. செதுக்கல் இல்லாமல் வெறும் முத்திரை மட்டும் இருந்திருந்தால் 1910–1952 என்று இழுபறியாக இருந்திருக்கும். அப்போதும் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்காமல் அனுப்பினால் சுங்கத்தில் சிக்கும்.

அடுத்து கொம்பு. கடமான் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் விலங்கு. அதன் கொம்பால் செய்த பொருளை விற்பதும் கைமாற்றுவதும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரும். ‘ஷெஃபீல்டில் செய்தது, நூறு வருஷப் பழசு’ என்பது தானாகவே விலக்கு ஆகிவிடாது. விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்க வேண்டும், பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். இணையத்தில் படம் போட்டு விலை கேட்பது அதற்கு அடுத்த படியாகவே இருக்கட்டும். பிடி மாட்டெலும்பாக இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கொம்பா எலும்பா என்று அவ்வளவு நேரம் பார்த்தது இதற்காகவும்தான்.

ஆயுதச் சட்டம் இந்தக் கத்தியை அதிகம் தொடாது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு வேறு. இதன் பெரிய அலகு மூன்று அங்குலத்துக்கும் குறைவு, பட்டனால் பாயும் வகையும் அல்ல.

ஆகவே உரிமையாளருக்குக் கொடுத்த தாளில் விற்பனை விலை என்று எதையும் எழுதவில்லை. எழுதியது இது: ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு, 1910–1923, கடமான் கொம்புப் பிடி, பத்து உறுப்பில் ஒன்பது உண்டு; வெளிநாட்டு ஏல ஒப்பீடு 120–180 பவுண்டு, சுத்தியல் விலை; இந்தியாவில் விற்பனைக்கு வனத்துறை அனுமதி முன்தேவை; ஏற்றுமதி இல்லை. அதோடு பதினான்கு படங்கள், ஒவ்வொன்றிலும் மி.மீ. அளவுகோல்.

வைத்திருக்கும் முறை

மெருகு எந்திரத்தில் காட்டக்கூடாது. பித்தளை பாலிஷ், பற்பசை, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். அலகின் சாம்பல் படலம் அழுக்கு இல்லை. எஃகின் மேல் படிந்த காப்பு. சிவந்த துரு மட்டும் போக வேண்டும். அதற்குத் தையல் எந்திர எண்ணெயைத் துளி விட்டு ஒரு நாள் ஊற வைத்து, செம்புத் தகட்டின் ஓரத்தால் மெல்ல வழிக்கலாம். செம்பு எஃகைவிட மென்மை என்பதால் கீறாது. கருப்புக் குழிவைத் தோண்டாதீர்கள். மூட்டில் அழுக்கு இறுகியிருந்தால் ஒரு துளி மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய். கொம்பில் படாமல் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். திறக்காத அலகை இடுக்கியால் பிடித்து இழுத்தால் நகக்குழி உடையும். எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்தால் தானாக இளகும்.

தோல் உறையில் வைப்பதுதான் மலையில் செய்யும் பெரிய தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட உப்புகள் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். பித்தளை உள்தகடுகளின் ஓரத்தில் இந்தக் கத்தியில் இருக்கும் பச்சை அப்படி வந்ததே. மூங்கில் குச்சியால் எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறது. பொட்டலத்தை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை சூடாக்கி ஈரம் போக்க வேண்டும். செல்லுலாய்டுப் பிடிக் கத்தி வீட்டில் இருந்தால் அதே டப்பாவில் சேர்க்கக்கூடாது. சிதையும் செல்லுலாய்டு விடும் அமில ஆவி பக்கத்துக் கத்தியின் அலகையும் தின்றுவிடும்.